பெயரில்லாத கல்லும் கல்லில்லாத பெயரும்

போன வருடம் மகளைப் பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் விடப் போனபோது பெரியம்மாவும் எங்களோடு வந்தார். தலதா மாளிகையும் பூந்தோட்டமும் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டையும் பார்த்து முடித்த பிறகும் மட்டக்களப்பு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கண்டிக்கும் பேராதனைக்கும் நடுவே, தேவனி ராஜசிங்க மாவத்தையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்தவர்களின் மயானம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. "சரி மனே, நானும் வாறன்" என்று பெரியம்மாவும் இறங்கினார்.

வெட்டிவிட்ட புல், பூச்செடிகள், வரிசை வரிசையாகக் கற்கள். அங்கே 203 பேர் கிடக்கிறார்கள். பிரித்தானியர் 107 பேர், கிழக்கு ஆபிரிக்கர் 35 பேர், இலங்கையர் 26 பேர், கனடியர் 23 பேர், இத்தாலியர் 6 பேர், பிரெஞ்சுக்காரர் ஒருவர். மிச்சம் 5 பேர் யாரென்றே தெரியாதவர்கள். நான் ஒவ்வொரு கல்லாகப் பெயரையும் வயதையும் வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பெரும்பாலும் இருபதும் இருபத்திரண்டும். பெயரில்லாத கல்லுக்கு வந்ததும் வாசிக்க ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டேன். "ஆரெண்டு தெரியாதாம் பெரியம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவருக்கு எட்டு, முப்பத்தொண்டெல்லாம் செய்தவங்களா மனே?"

இறந்தவருக்கு எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் செய்யும் சடங்குகளைத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. பெயர் தெரியாத போர்வீரனுக்கு ஏன் கல் வைக்கிறார்கள், அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, பெயர் எப்படித் தொலைகிறது, தொலைந்த பெயர் திரும்பி வருமா என்றெல்லாம் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இது எத்தனையோ வீடுகளின் பிரச்சினை. பெரியம்மாவின் வீடும் அதில் ஒன்று.

நடுகல் தமிழருக்குப் புதிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காணும் காட்சி, அதைக் கொண்டுவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் புரட்டினால் காதைகளின் பெயர்களே ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வரும். செங்குட்டுவன் இமயத்தில் எடுத்த கல்லைக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்கு நட்டான் என்பது கதை. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோவில்களில் சடங்கு நடந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டைப் பாடும்போது, அந்தப் பழைய கல்லின் ஈரம்தான் இங்கேயும் சொட்டுகிறது என்று எனக்குத் தோன்றும்.

நடுகல்லில் முக்கியமானது எழுத்து. 'பெயரும் பீடும் எழுதி' என்கிறது அகநானூறு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் ஒருசில சொற்களே இருக்கின்றன. அந்தச் சில சொற்களுக்குள்ளும் கூடல் ஊரில் நடந்த ஆநிரைச் சண்டையும் அந்தவன் என்ற ஆளின் பெயரும் வந்துவிடுகின்றன. எழுத்து தேய்ந்துபோன நடுகல்லை வழிப்போக்கர் வேறு பொருள்படப் படித்துவிட்டுப் போவதையும் சங்கப் பாட்டு கவலையோடு பதிந்திருக்கிறது. ஆக, பெயர் அழிந்த கல்லை எங்கள் முன்னோர் ஒரு குறையாகத்தான் பார்த்தார்கள். பெயரில்லாமலே கல் வைத்து, அதையே நாட்டின் பெரிய மரியாதையாக ஆக்கும் வழக்கம் நூறு வருடத்துக்கு முன்னர் ஐரோப்பாவில் பிறந்தது.

முதலாம் உலகப் போரில் மேற்குக் களத்தில் செத்தவர்களைக் கணக்கெடுக்கவே முடியாமல் இருந்தது. ஷெல் விழுந்து புதைத்த உடலை அடுத்த ஷெல் கிளறியது, மழையும் சேறும் மிச்சத்தை விழுங்கின. இதெல்லாம் பலர் அறிந்ததுதான். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: கழுத்துத் தகடு. 1916 வரைக்கும் பிரித்தானியச் சிப்பாய் ஒரேயொரு அடையாளத் தகடுதான் அணிந்திருந்தான். அவன் இறந்ததும் மரணத்தை அறிவிக்க அந்தத் தகட்டைக் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். கந்தோரில் பெயர் பதியப்படும், வீட்டுக்குத் தந்தி போகும், களத்தில் கிடக்கும் உடலோ அந்த நிமிடத்திலிருந்து பெயரில்லாததாகிவிடும். அதன் பிறகுதான் இரண்டு தகடு கொடுத்தார்கள். சிவப்பு வட்டத் தகடு கழற்றுவதற்கு, பச்சை எண்கோணத் தகடு உடலோடு கிடப்பதற்கு. அந்த இரண்டும் அழுத்தி இறுக்கிய நாரினால் செய்தவை என்பதால், பல உடல்களில் மண்ணுக்குள்ளேயே உக்கிப்போயின. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, இரட்டைத் தகட்டில் ஒரு பாதி உடலோடு இருக்கவேண்டும் என்று எழுதி வைத்திருப்பதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

டேவிட் ரெயில்ட்டன் என்ற பாதிரியார் 1916இல் பிரான்ஸில், ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள், 'பெயர் தெரியாத பிரித்தானியச் சிப்பாய்' என்று பென்சிலால் எழுதிய சிலுவையைக் கண்டார். போர் முடிந்த பிறகு அவர் சொன்ன யோசனையின்படி, வெவ்வேறு களங்களிலிருந்து யாரென்று தெரியாத உடல்களைத் தோண்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். தளபதி வையட் அவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். 1920 நவம்பர் 11ஆம் திகதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், அரசர்கள் கிடக்கும் தரைக்குள், அந்த உடலை அடக்கம் செய்தார்கள். மூடிய மண் பிரான்ஸிலிருந்து மூட்டைகளில் வந்தது. அந்தத் தேவாலயத்தின் தரையெல்லாம் கல்லறைக் கற்கள்தான், சனம் அவற்றின் மேல் நடந்துதான் போகும். இந்த ஒரு கல்லை மட்டும் யாரும் மிதிப்பதில்லை.

அதே நாளில் பாரிஸிலும் அப்படி ஒருவரின் உடலைக் கொண்டுவந்து வெற்றி வளைவில் வைத்தார்கள், புதைத்தது 1921 ஜனவரியில். எட்டுப் பெட்டிகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பு ஓகுஸ்த் தென் என்ற இளம் சிப்பாயிடம் விடப்பட்டது. தன்னுடைய 132ஆவது ரெஜிமென்ற்றின் இலக்கங்களைக் கூட்டி, ஆறாவது பெட்டியின் மேல் பூங்கொத்தை வைத்தார் அவர்.

இத்தாலியில் நடந்ததுதான் என்னை மிகவும் பாதித்தது. 1921 ஒக்தோபர் 28ஆம் திகதி, அக்குவிலேயா ஊர்த் தேவாலயத்தில் பதினொரு பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒரு தாயைத் தெரியச் சொன்னார்கள். மரியா பெர்காமாஸ் என்பவர். மகன் அந்தோனியோ போரில் இறந்தவர், உடல் அடையாளம் காணப்படவில்லை. அந்தத் தாய் பெட்டிகளைக் கடந்து நடந்து, பத்தாவதின் முன்னால் மகனின் பெயரைக் கூவி விழுந்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பெட்டிதான் ரோமுக்குப் போனது. வீட்டில் இருந்து இதைப் பெரியம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் ஒரே ஒருவர்? உடல் வராத ஒவ்வொரு தாயும் அது தன் மகனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளத்தான். ஒரு கல்லறைக்கு ஆயிரமாயிரம் தாய்மார் உரிமை கொண்டாடலாம். அதில் ஆறுதல் உண்டு, மறுக்க மாட்டேன். அரசாங்கங்கள் அந்த ஆறுதலைத் தமக்கு வசதியாகவும் எடுத்துக்கொண்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவருக்குச் செய்யும் பெரிய மரியாதை, மற்றவர்களைத் தேடும் வேலைக்குப் பதிலாகிவிடக் கூடாது.

கண்டி மயானத்தைப் பராமரிக்கும் கொமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 1917இல் தொடங்கியது. பேபியன் வெயர் என்பவரின் முயற்சி அது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், பணக்காரர் வீட்டுப் பிள்ளை என்றாலும் உடலைத் தனியாக ஊருக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை, ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த நினைவு என்பவை அதன் விதிகள். யாரென்று தெரியாத உடலுக்கு, தெரிந்த அளவை மட்டும் எழுதுவார்கள். சீருடைப் பொத்தானிலிருந்து படைப்பிரிவு தெரிந்தால் அது இருக்கும், பதவி தெரிந்தால் பதவி இருக்கும், ஒன்றுமே தெரியாவிட்டால் போர்க்காலச் சிப்பாய் ஒருவர் என்று மட்டும் இருக்கும். அடியில் 'இறைவனுக்குத் தெரிந்தவர்' என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள். இப்படியான மயானத்துக்குப் போகிறவர்கள் பெயருள்ள கற்களோடு திரும்பிவிடாமல், இந்தக் கற்களையும் நின்று வாசிக்கவேண்டும். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் ஒரு பொத்தானையோ சப்பாத்தையோ கழுவித் துடைத்துக் கண்டுபிடித்த சொல்.

அந்த மூன்று சொற்களைத் தெரிந்து கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். எழுத்தாளர் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகன் ஜோன் 1915இல் லூஸ் சண்டையில் காணாமல் போனவர். தகப்பன் 1936இல் இறக்கும்வரை மகனின் கல்லறை எதுவென்று தெரியாது. தன் பிள்ளையைத் தேடிக் களைத்த ஒரு மனிதன் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக எழுதிய சொற்கள் அவை.

இனி, உடல் இல்லாத பெயர்களுக்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அவற்றைச் சுவரில் வெட்டினார்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்து மெனின் வாயிலில் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பிரான்ஸின் தியெப்வால் நினைவகத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். மெனின் வாயிலில் 1928இலிருந்து, ஜேர்மனியர் பிடித்துவைத்திருந்த காலம் நீங்கலாக, ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு எக்காளம் ஊதுகிறார்கள். இந்தச் சுவர்களுக்கும் மயானங்களில் உள்ள பெயரில்லாக் கற்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சுவரில் பெயராக இருப்பவரும், சில கிலோமீற்றர் தள்ளி வயலோரத்தில் பெயரில்லாமல் கிடப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஒரு பாதி இங்கே, மறுபாதி அங்கே. அதனால்தான், நூறு வருடத்துக்குப் பிறகு ஒருவர் அடையாளம் காணப்பட்டாலும், மயானத்தில் கல்லை மாற்றிப் பெயரை வெட்டுகிறார்கள், சுவரிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுகிறார்கள். சுவரில் பெயர் குறைவது அங்கே நல்ல செய்தி.

எங்கள் கடலிலும் அப்படிப்பட்ட பாதி ஒன்று கிடக்கிறது. கல்லடிக் கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு அப்பால் நின்று கிழக்கே பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியில், ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் சரிந்து கிடக்கிறது. விமானங்களை ஏற்றிச் செல்வதற்கென்றே தொடக்கத்திலிருந்து வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அங்கிருந்து தெற்கே விலகிப் போய்க்கொண்டிருந்த இந்தக் கப்பலையும் கண்டுவிட்டன. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. கப்டன் ஒன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். கூடப் போன அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் அங்கேயே மூழ்கியது. அந்தப் பக்கமாக வந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக் காப்பாற்றியது.

இப்போது அங்கே சுழியோடிகள் போகிறார்கள், எங்கள் மீனவர்கள் அந்த இடத்தில் தூண்டில் போடுகிறார்கள். இறந்தவர்களில் பலருக்குக் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லை. கல்லறை இல்லாத பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்களைப் போட்ஸ்மத், பிளிமத், சத்தம் என்ற மூன்று துறைமுக நகரங்களில் தூண்கள் எழுப்பி வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் அங்கே, உடல் கல்லடிக் கடலில். மாலையில் கடற்கரைக்குக் காற்று வாங்க வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்பது என் விருப்பம். நாங்கள் குளிக்கும் கடல் யாருடைய வீட்டுப் பிள்ளைகளுக்கோ மயானம்.

பெயர் தொலைவதற்குச் சேறும் கடலும் மட்டும் காரணமல்ல. பெயர் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டதும் உண்டு. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்தில் பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வெட்டப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணாக நின்றார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் இறந்த கறுப்பினத்தவருக்கு நைரோபியிலும் மொம்பாசாவிலும் சிலைகள் வைத்தார்கள், பெயர்கள் வைக்கவில்லை. 2021 ஏப்ரலில் கொமன்வெல்த் ஆணைக்குழுவே தன் பழைய கோவைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்கர், ஆசியர், அரபியரில் குறைந்தது 116,000 பேர், 350,000 வரையாகவும் இருக்கலாம், பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்ற விதி எங்கள் நிறத்தவருக்கு வந்தபோது வளைந்துவிட்டது. கண்டியில் கிழக்கு ஆபிரிக்கர் 35 பேருக்குத் தனித்தனிக் கல் இருப்பதைப் பார்த்தபோது அதனால்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது விதமும் இருக்கிறது: எழுதிய பெயரை அழிப்பது. அதைச் சொல்ல நான் வாவியைத் தாண்டி எங்கள் படுவான்கரைக்கு வரவேண்டும்.

பெரியம்மாவின் இளையவன், என் தம்பி முறை, 1990இல் புலிகள் இயக்கத்துக்குப் போனான். சில வருடங்களுக்குப் பிறகு வடக்கில் ஒரு சண்டையில் இறந்துவிட்டான் என்று அறிவித்தார்கள். உடல் வரவில்லை. வவுணதீவுப் பக்கத்துத் தாண்டியடித் துயிலும் இல்லத்தில் அவனுக்கு ஒரு கல் வைத்தார்கள். துயிலும் இல்லங்களில் இரண்டு வகை இருந்தன. உடல் கிடைத்தவர்களுக்கு நீளமாகக் கட்டிய கல்லறை, உடல் கிடைக்காதவர்களுக்கு நட்டு வைத்த நினைவுக்கல். தம்பியுடையது நினைவுக்கல். பெரியம்மா மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27இல் போய் எண்ணெய் விளக்கு வைத்து, அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவார். கீழே ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கல்லில் பெயர் இருந்தது, அது போதும் என்பார்.

கிழக்கில் தாண்டியடி, தரவை, வாகரைக் கண்டலடி, மாவடிமுன்மாரி, அம்பாறையில் கஞ்சிகுடிச்சாறு என்று இருந்த துயிலும் இல்லங்கள், 2007இல் மாகாணம் இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு இடித்துச் சமப்படுத்தப்பட்டன. அங்கே கிடந்தவர்களைப் பற்றியும் அவர்கள் செய்ததைப் பற்றியும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். எனக்கும் பெரியம்மாவுக்குமே ஒரே கருத்து இல்லை. ஆனால் பெயரோடு கிடந்தவர்களைப் பெயரில்லாதவர்களாக ஆக்கியது பெரிய தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற நாடுகள் நூறு வருடமாகப் பெயரில்லாதவர்களுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கும்போது, இங்கே ஒரு புல்டோசர் சில நாளில் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டது. போரில் இறந்தவர்களின் புதைகுழிகளை மதித்துப் பராமரிக்கவேண்டும், புதைக்கும் முன்னர் அடையாள விபரங்களைப் பதிந்து வைக்கவேண்டும் என்பவை, உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தின் வழக்காற்று விதிகள். இறந்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்று அந்த விதிகள் கேட்பதில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் இந்த வலி இருக்கிறது. 1990 ஜூன் மாதத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸ்காரர்களைப் புலிகள் கொன்றார்கள். அவர்களில் பலரைக் கொன்ற இடமான, திருக்கோவில் பக்கத்து றூபஸ்குளம் என்ற பெயரைக் கேட்டாலே நெஞ்சடைக்கும் சிங்கள, முஸ்லிம் வீடுகள் இன்றும் உண்டு. அதே வருடம் கடத்திக் கொல்லப்பட்டுக் குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தம் உறவினரைத் தோண்டியெடுத்து ஜனாஸா தொழுது அடக்கவேண்டும் என்று காத்தான்குடிக் குடும்பங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்கள் படையினருமல்லர், பயணம் போன சனங்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இலங்கையில் காணாமற்போனோர் பற்றி வந்த முறைப்பாடுகள் 16,000க்கும் மேல், அவற்றில் 5,000க்கும் மேற்பட்டவை இராணுவத்தினரும் பொலிசாரும் காணாமற்போனவை. பத்தரமுல்லையில் இருக்கும் படையினரின் நினைவுச் சுவரில் மகன் பெயரைத் தடவிப் பார்க்கும் தாய்க்கும், உடல் வந்ததா என்று கேட்டால், பெரியம்மாவின் பதில்தான் இருக்கக்கூடும். இந்திய அமைதிப்படையில் இறந்த 1,100க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் பத்தரமுல்லையில் வெட்டப்பட்டிருக்கின்றன.

உடல் வராத வீட்டில் என்ன நடக்கும் என்பதை நினைத்துத்தான் பெரியம்மா கண்டியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். எட்டுச் செய்ய வேண்டுமென்றால் இறந்த நாள் தெரிய வேண்டும். திவசத்துக்குத் திதி தெரிய வேண்டும். ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தடியிலும் திருக்கோவில் கடற்கரையிலும் ஆயிரக்கணக்கான சனம் தகப்பன்மாருக்குப் பிதிர்க்கடன் செய்யும்போது, தகப்பன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டுப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் தகப்பனைத் தாங்களே சாகடித்ததாக ஆகிவிடுமோ என்ற பயம். பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் முப்பது வருடம் போன பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காணி, வங்கிக் கணக்கு போன்ற அலுவல்களுக்கு அது உதவும். நெஞ்சுக்கு அது உதவவில்லை என்று காந்தி பூங்காவில் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

அப்போ தொலைந்த பெயர் திரும்புமா? சில வேளை திரும்புகிறது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் மயானத்தில், பெயர் தெரியாத வீரர் கல்லறையில், வியட்நாம் போருக்கென்று 1984இல் ஓர் உடலை வைத்தார்கள். நாட்டின் ஜனாதிபதியே வந்து மரியாதை செய்தார். 1972இல் விமானத்தோடு விழுந்த மைக்கல் பிளாசி என்பவரின் வீட்டார் அது தங்கள் பிள்ளையாக இருக்கலாம் என்று விடாமல் கேட்டார்கள். 1998இல் கல்லறையைத் திறந்து எலும்பை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிளாசிதான். வீட்டார் அவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ப் பெயரோடு புதைத்தார்கள். அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை, இன்றுவரை அது வெறுமையாக இருக்கிறது. பெயர் தெரியாதவர் என்ற மிகப் பெரிய மரியாதையைவிட வீட்டார் வைத்த பெயர் பெரிது என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டதாக அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தச் சோதனை வேலை செய்யும் விதம் மட்டக்களப்பாருக்கு எளிதாக விளங்கும். பழைய எலும்பில் வழக்கமான மரபணு சிதைந்திருந்தாலும், உயிரணுவுக்குள் இருக்கும் மைற்றோகொண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் மரபணு பெரும்பாலும் மிஞ்சும். அது தாயிடமிருந்து மட்டும் வருவது. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, மகள்தான் கொடுப்பாள். நாங்கள் குடி, அதாவது குலம், பார்ப்பதும் இப்படித்தானே. எந்தக் குடி, அதற்குள் எந்த வயிற்றுவார் (தாய்வழிக் கிளை) என்று கேட்டால் தாயின் வழியைத்தான் சொல்கிறோம். பெரியம்மா என் அம்மாவின் அக்கா, அதனால் தம்பியும் நானும் ஒரே வயிற்றுவார். பெரியம்மா இல்லாத ஒரு காலத்திலும், என் அம்மாவின் எச்சிலோ என் எச்சிலோ, நான் பெண் என்பதால் என் மகளின் எச்சிலோகூட அவனுடைய எலும்போடு ஒத்துப்போகும். ஆனால் அதே வயிற்றுவாரில் எல்லோருக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து இன்னார்தான் என்று முடிவுகட்ட முடியாது. மற்ற அடையாளங்களும் வேண்டும்.

முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது ஒரு புதைகுழி வெளிப்பட்டது. 50க்கும் மேற்பட்டோரின் எலும்புகளோடு சீருடைத் துண்டுகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. தகட்டில் எண் இருக்கிறது, அந்த எண் யாருடையது என்று சொல்லும் பதிவேடு வேண்டுமே. அது இல்லாத இடத்தில் வீட்டாரின் ஞாபகம்தான் பதிவேடு. உயரம், பல்லின் அமைப்பு, முன்பு எலும்பு முறிந்த இடம், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, கையில் கட்டியிருந்த நூல் என்று தடயவியல் வைத்தியர்கள் கேட்கும் விபரங்கள் எல்லாம் வயதான தாய்மாரின் தலைக்குள் இருக்கின்றன. முறிந்து ஒட்டிய எலும்பில் அந்த இடம் பல வேளை தடித்தோ வளைந்தோ தெரியும், வருடங்கள் போனாலும் பார்க்கிறவர் கண்டுபிடிக்கலாம். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் பலர், அவர்களுடைய காரணங்களும் நியாயமானவை. அங்கே கொடுக்கிறோமோ இல்லையோ, விபரத்தை எழுதி வைக்கும் வேலை காத்திருக்க முடியாது. 1990இல் நாற்பது வயதாக இருந்த தாய்க்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

போன மாதம் ஒரு பின்னேரம் நான் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். முதலில் அவருக்கு விருப்பமில்லை. "செத்தவன்ட பல்ல எண்ணிப் பாக்கவா?" என்று கோபப்பட்டார். தேத்தண்ணி வைத்துத் தந்தார். பிறகு, நான் கேட்காமலே, குசினிக் கதவோரம் நின்றபடி சொல்லத் தொடங்கினார்.

மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, அதற்குள்ளால் விசிலடிப்பான். வலது காலின் சின்ன விரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருக்கும், தகப்பனுக்கும் அப்படி. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நாவல் மரத்தால் விழுந்து இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகாமல் முறிவு வைத்தியரிடம் பத்துக் கட்டினார்கள், கை கொஞ்சம் வளைந்துதான் ஒட்டியது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கிட்ட வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"இடது கையெண்டு வடிவா எழுது மனே. மேல அவன்ட பேரப் போட்டியா?"